வடக்குப் பக்கம் நாற்காலியைப் போடுங்கள்

ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த மிட்ரண்டிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 37. சொந்த ஊர் தென்காசிப் பக்கம். கணவரின் வேலை காரணமாக இரண்டு ஆண்டுகளுக்கு முன் தென்னாப்பிரிக்கா வந்தவர். இங்கே வந்தபின் தனக்கென ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை தேடிக்கொண்டார். வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்தே வேலை. எட்டு வயது மகன். காவலும் கேட்டும் உள்ள குடியிருப்பு வளாகத்தில் மாடி வைத்த வீடு.

"மே மாதம் பிறந்தாலே ஏதோ ஒன்று என்னை அமுக்கிவிடுகிறது" என்று எழுதுகிறார். அதிகாலை நான்கு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, ஆனால் ஏழரை வரை எழ மனமில்லை. மகனிடம் காரணமில்லாமல் எரிந்து விழுகிறார். சனிக்கிழமை மளிகைக்குப் போவதைத் தவிர, நான்கு வாரமாக கேட்டைத் தாண்டவில்லை. போன குளிர்காலமும் இப்படியேதான் இருந்ததாம். இணையத்தில் படித்துவிட்டு, இது குளிர்கால மனச்சோர்வு என்று தானே முடிவு செய்து, அதற்கென விற்கும் பிரகாச விளக்கு ஒன்றுக்குப் பணமும் கட்டிவிட்டார். ஊரிலிருந்து வந்த உறவினர் கொடுத்த 60,000 யூனிட் வைட்டமின் டி மாத்திரையை வாரம் ஒன்றாக ஐந்து மாதமாகச் சாப்பிடுகிறார். அம்மா தொலைபேசியில் "பனியில் இறங்காதே, தலையில் நீர் கோத்துக்கொள்ளும்" என்கிறார். கணவர் "பார்க்கில் நாலு சுற்று நடந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார். "நடந்தால் போகிற துக்கமா இது? வேலையை விட்டுவிட்டு மகனோடு ஊருக்கே போய்விடலாமா?" என்பதுதான் அவருடைய கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் மேல் உங்களுக்கு வந்த கோபம் நியாயமானது. மனம் ஒடுங்கிக் கிடப்பவரிடம் "நடந்தால் சரியாகிவிடும்" என்று சொல்வது, காலில் முள் தைத்தவரிடம் செருப்பு போட்டிருக்கலாமே என்று சொல்வதுபோலத்தான். ஆனாலும் அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி என்ன என்பதைத்தான் இப்போது பார்க்கப்போகிறோம்.

இது குளிர்கால மனச்சோர்வா?

பருவத்தோடு வந்து பருவத்தோடு போகும் மனச்சோர்வு என்று ஒன்று உண்டு. 1984இல் நார்மன் ரோசந்தால் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் அதை முறையாக விவரித்தார்கள். சுவையான செய்தி, ரோசந்தால் பிறந்து மருத்துவம் படித்தது நம்முடைய ஜோகன்னஸ்பர்க்கில்தான். அமெரிக்காவுக்குப் போய், அங்கே குளிர்காலத்தில் பகல் சுருங்கியபோதுதான் தன் உடம்பிலேயே அந்த மாற்றத்தை உணர்ந்தார். இங்கே இருந்தவரை அவருக்கு அது தெரியவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் எளிது. லண்டனில் டிசம்பரில் பகல் எட்டு மணி நேரம்கூட இருக்காது, அதிலும் பாதி மேகமூட்டம். ஜோகன்னஸ்பர்க்கில் ஆண்டின் மிகக் குறுகிய பகலான ஜூன் 21 அன்றும் சூரியன் ஏழு மணிக்குச் சற்று முன் எழுந்து, மாலை ஐந்தரையை ஒட்டி விழுகிறது. பத்தரை மணி நேர வெளிச்சம். ஊரில் மார்கழிப் பகலுக்கு இதைவிட ஒரு மணி நேரம்தான் கூடுதல். மேலும் இது மழையில்லாத குளிர்காலம். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் நாள் கணக்காக ஒரு மேகத் துணுக்குகூட இல்லாத நீல வானம். கேப் டவுன்காரர்கள் குளிர்கால மழையில் குடையோடு போராடும்போது நமக்கு இந்த வானம் இனாமாகக் கிடைக்கிறது.

ஆகவே வெளியே வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. நீங்கள் இருக்கும் இடத்துக்கு அது வரவில்லை, அவ்வளவுதான். இன்னொன்று: பருவகாலச் சோர்வில் பெரும்பாலும் தூக்கம் கூடும். நீங்கள் சொல்வது நான்கு மணி விழிப்பு. அது வேறு வகைச் சோர்வின் அடையாளமாகவும் இருக்கலாம். ஒரு கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் வைக்க மாட்டேன். ஆனால் நீங்களும் அவசரப்பட்டுப் பெயர் வைக்க வேண்டாம் என்று சொல்லலாம் அல்லவா?

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், மகனின் பள்ளிக் கட்டணத்துக்கும் வீட்டு வாடகைக்கும் நடுவில், ஒரே ஒரு வரி இருக்கிறது: "போன ஆனியில் அப்பா தவறிவிட்டார், டிக்கெட் கிடைக்காததால் காரியத்தை வீடியோவில் பார்த்தேன்." அதற்கு அடுத்த வரியிலேயே வாடகைக்குப் போய்விடுகிறீர்கள். போன குளிர்காலமும் இப்படித்தான் இருந்தது என்று எழுதினீர்களே, போன குளிர்காலம் என்பது அந்த ஆனிதான். இந்த வரிக்குக் கடைசியில் திரும்பி வருகிறேன்.

வெயில் எந்தப் பக்கம் விழுகிறது?

"தெற்கு ஜன்னல் இருக்கும் அறையை வேலைக்கு எடுத்துக்கொண்டேன்" என்று பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்தபோது சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் நானும் இதையே செய்தேன். தெற்கு வாசல், தென்றல் என்று வளர்ந்த நமக்குத் தெற்கு என்றாலே நல்ல திசை. ஊரில் மார்கழி வெயில் தெற்கே சாய்ந்துதான் விழும். இங்கே பூமத்திய ரேகைக்கு இந்தப் பக்கம் எல்லாம் தலைகீழ். ஜூன் மாத நண்பகலில் சூரியன் வடக்கு வானில் நாற்பது டிகிரி உயரத்தில் நிற்கிறது. உங்கள் தெற்கு அறைக்குள் மே முதல் ஆகஸ்ட் வரை ஒரு சொட்டு வெயில் வராது. இந்த நாட்டில் வீடு விற்பவர்கள் விளம்பரத்தில் "வடக்குப் பார்த்த வீடு" என்று கொட்டை எழுத்தில் போடுவதற்கு வாஸ்து காரணமில்லை.

இங்குள்ள வீடுகள் பெரும்பாலும் கோடைக்காகக் கட்டியவை. சுவரில் குளிர்காப்பு கிடையாது, தரை முழுக்க டைல்ஸ். அதனால் ஜூலை மாதம் பதினோரு மணிக்கு வீட்டுக்குள் காலுறையோடு விறைத்துக்கொண்டிருப்பீர்கள். கதவைத் திறந்து வெளியே வந்தால் பதினாறு, பதினேழு டிகிரியில் இதமான வெயில். உள்ளே குளிர், வெளியே கதகதப்பு. ஊரில் இருந்து வந்தவர்கள் இதை நம்புவதற்கே ஒரு குளிர்காலம் பிடிக்கிறது.

விளக்கு விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சிகிச்சை விளக்குகள் 10,000 லக்ஸ் அளவு வெளிச்சம் தருபவை. காலையில் அரை மணி நேரம் அதன்முன் உட்கார வேண்டும். வீட்டு அறையின் வெளிச்சம் சில நூறு லக்ஸைத் தாண்டாது. தெளிந்த வானத்தின்கீழ் நிழலில் உட்கார்ந்தாலே 10,000 லக்ஸ் அளவுக்குக் கிடைத்துவிடும். நேர் வெயிலில் அதைப்போலப் பல மடங்கு. ஸ்காண்டிநேவியாவில் இருப்பவருக்கு அந்த விளக்கு வரம். உங்களுக்கு அது கிணற்றடியில் நின்றுகொண்டு பாட்டில் தண்ணீர் வாங்குவது. திருப்பி அனுப்ப முடிந்தால் அனுப்பிவிடுங்கள்.

முதல் இரண்டு வாரத்துக்கு உங்களிடம் நான் கேட்பது நடையைக்கூட அல்ல. வீட்டின் வடக்குச் சுவரை ஒட்டி, காற்றுப் படாத மூலையில் ஒரு நாற்காலி. காலை பத்து மணிக்கு மேல் இருபது நிமிடம். கைப்பேசியை உள்ளேயே வைத்துவிட்டு, ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு போங்கள். இது நார்ச்சிப் பழத்தின் காலம். கடையில் வலைப் பையில் குவித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரைக் காதில் போட்டுப் பாருங்கள். ஆப்பிரிக்கான்ஸ் மொழிக்கு அந்தச் சொல் நம்முடைய நாரத்தையிலிருந்து போனது என்று அகராதிகள் சொல்கின்றன. பழம் நாரத்தையைப் போலக் கசக்காது, கமலாவைப் போல இனிக்கும். தோலை நகத்தால் கீறியதும் வெயிலில் ஒரு மெல்லிய புகைபோல எண்ணெய் தெறிக்கும், விரலில் அந்த வாசம் மதியம் வரை இருக்கும். வெயில் காய்வது என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். அதை அவர்கள் யாரும் சிகிச்சை என்று நினைத்ததில்லை.

பனி, சளி, மாத்திரை

அம்மாவிடம் வாதாட வேண்டாம். ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்: சளியைக் கொண்டுவருவது வைரஸ். மூடிய அறையில் ஒருவர் மூச்சை ஒருவர் சுவாசித்துக்கொண்டு கிடக்கும்போதுதான் அது எளிதாகப் பரவுகிறது. அம்மா சொல்வதில் ஒரு நியாயமும் இருக்கிறது. வறண்ட குளிர்காற்று மூச்சிரைப்பைக் கிளப்பும். உங்களுக்கோ மகனுக்கோ ஆஸ்துமா இருந்தால் மூக்கையும் வாயையும் ஒரு சால்வையால் மூடிக்கொண்டு போங்கள், இன்ஹேலர் கையில் இருக்கட்டும்.

"விடிகாலை நடைதான் நல்லது" என்ற நம் ஊர்ப் பழக்கத்தை மட்டும் இங்கே விட்டுவிடுங்கள். ஜூலையில் காலை ஆறு மணிக்குப் புல்லில் உறைபனி, இருட்டு. அதோடு விறகும் நிலக்கரியும் எரித்த புகை இரவுக் குளிரில் மேலே எழ முடியாமல் தரையோடு தரையாகத் தங்கியிருக்கும். பத்து மணிக்கு மேல் அது கலைந்துவிடுகிறது. வீட்டுக்குள் கேஸ் ஹீட்டர் வைத்திருந்தால் ஜன்னலில் ஒரு விரற்கடை இடைவெளி எப்போதும் இருக்கட்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

மாத்திரையை இன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். வாரம் 60,000 யூனிட் என்பது குறை இருப்பவருக்குச் சில வாரங்கள் கொடுக்கும் அளவு. ஐந்து மாதம் பரிசோதனை இல்லாமல் சாப்பிட்டால் இரத்தத்தில் கால்சியம் ஏறலாம், சிறுநீரகக் கல்லில் கொண்டு விடலாம். வைட்டமின் டி, கால்சியம் இரண்டையும் பாருங்கள். கூடவே தைராய்டு, இரும்புச் சத்து, பி12. தைராய்டு குறைந்தாலும் குளிர் தாங்காது, மனம் சோரும், எழ முடியாது. நீங்கள் சொல்லும் பாதி அறிகுறிகள் அதற்கும் பொருந்துகின்றன. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் வைட்டமின் டி உண்டாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். இன்னொரு பக்கம், நாம் இருப்பது கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,600, 1,700 மீட்டர் உயரத்தில். குளிர்தானே என்று மணிக்கணக்கில் தொப்பியில்லாமல் இருந்தால் கறுத்த தோலும் கன்றும், உதடு வெடிக்கும். கொஞ்சம் தேங்காய் எண்ணெய், நிறையத் தண்ணீர்.

கேட்டுக்கு வெளியே

உங்கள் பயத்தை நான் மிகை என்று சொல்ல மாட்டேன். இந்த ஊரில் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் "வெளியே" என்பது ஒரே இடமல்ல. ஆள் நடமாட்டமில்லாத குன்றுப் பாதை ஒரு வெளி, நுழைவுக் கட்டணமும் காவலாளியும் குடும்பங்களும் உள்ள தோட்டம் இன்னொரு வெளி. முதலாவதற்குத் தனியாகப் போகவே போகாதீர்கள். காதில் கருவி மாட்டிக்கொண்டு நடக்காதீர்கள். தாலிக்கொடி வெளியே தெரிய வேண்டாம். எனக்குத் தெரிந்த பெண்கள் பலர் நடைக்குப் போகும்போது மஞ்சள் கயிறுதான் கட்டிக்கொள்கிறார்கள்.

ரூடபோர்ட்டில் வால்டர் சிசுலு தேசியத் தாவரவியல் பூங்கா இருக்கிறது. உங்களைப் போன்ற தென்காசிக்காரர்களை நான் முதலில் அனுப்புவது அங்கேதான், ஏனென்றால் அங்கே ஓர் அருவி உண்டு. குற்றாலத்தை நினைத்துக்கொண்டு போகாதீர்கள், ஏமாந்துவிடுவீர்கள். அதுவும் குளிர்காலத்தில் நீர் குறைவு. ஆனால் ஜூன், ஜூலையில் அங்கே கற்றாழை பூக்கிறது. நாம் முகத்துக்குப் பூசும் சோற்றுக்கற்றாழையின் உறவுதான். சில வகை ஆள் உயரத்துக்கு நிற்கும். சுற்றிலும் புல் காய்ந்து வைக்கோல் நிறத்தில் கிடக்க, இது மட்டும் தீப்பந்தம்போலச் செம்மஞ்சளில் எரியும். ஒரு பூக்கதிரின் பக்கத்தில் ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால் தேன்சிட்டு வரும். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, வளைந்த அலகைப் பூக்குழாய்க்குள் விட்டு எடுக்கும்போது அதன் நெற்றி முழுக்க மகரந்தம் அப்பியிருக்கும், திருநீறு பூசியதுபோல.

அருவிக்கு மேலுள்ள பாறை முகட்டில் கருங்கழுகுகள் பல ஆண்டுகளாகக் கூடு கட்டி வருகின்றன. அவை குஞ்சு வளர்ப்பது குளிர்காலத்தில்தான். எல்லா உயிரும் ஒடுங்கிக் கிடக்கும் காலம் என்று நாம் நினைக்கும் மாதத்தில் அங்கே ஒரு வீட்டில் வேலை மும்முரமாக நடக்கிறது. மகனுக்கு ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள். விளக்குக்குக் கட்டிய பணம் திரும்பி வந்தால் அதுவே போதும்.

அவ்வளவு தூரம் முடியாத நாளில் உங்கள் வளாகத்துப் புல்வெளியே போதும். விடிந்ததும் கூரைமேல் கத்தி உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று எழுதினீர்களே, அந்த ஹடீடாப் பறவை நம் ஊர் அரிவாள் மூக்கனின் இனம். கீழே இறங்கி, நீண்ட வளைந்த அலகைத் தையல் மெஷின் ஊசிபோல மண்ணில் குத்திக்கொண்டே போகும். பார்க்கப் பார்க்கக் கோபம் குறையும். முழுவதும் குறையாது.

ஆட்களோடு சேர்ந்து நடக்க விரும்பினால் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நடக்கும் பார்க்ரன் இருக்கிறது. ஐந்து கிலோமீட்டர், இலவசம், ஒருமுறை பெயர் பதிந்தால் போதும். தென்னாப்பிரிக்காவில் இது 2011இல் ஜோகன்னஸ்பர்க் டெல்டா பூங்காவில் தொடங்கியது. இப்போது நாடு முழுக்க நடக்கிறது. பெயரில்தான் ஓட்டம், நடப்பவர்கள் ஏராளம். எல்லோருக்கும் கடைசியில் வருபவரோடு கூடவே நடக்க ஒரு தன்னார்வலர் இருப்பார். ஆகவே நீங்கள் கடைசி ஆளாக இருக்கவே முடியாது.

எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் தகவல் திரட்டி 2019இல் வெளியான ஓர் ஆய்வு, வாரத்துக்கு மொத்தம் 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்கள் உடலாலும் மனத்தாலும் நன்றாக இருப்பதாகச் சொன்னதைக் கண்டது. ஒரே நாளில் கழித்தாலும் பிரித்துக் கழித்தாலும் பலன் ஒன்றுதான். நலமாக இருப்பவர்கள்தானே அதிகம் வெளியே போவார்கள் என்று நீங்கள் மடக்கலாம். நானும் அதைக் கேட்டேன். அந்த ஆய்வால் அதற்கு முழுப் பதில் சொல்ல முடியாது. ஆனால் நாளுக்கு இருபது நிமிடம் என்பது நட்டமில்லாத வியாபாரம்.

வேலையை விடுவதற்கு முன்

"ஒரு மணி நேர இடைவேளை தாளில்தான் இருக்கிறது, சாப்பாடு திரைக்கு முன்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். 1997ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டப்படி, தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்பவருக்கு ஒரு மணி நேர உணவு இடைவேளை உண்டு. எழுத்து மூலம் ஒப்புக்கொண்டால் அதை அரை மணியாகக் குறைக்கலாம். ஒரு சிக்கல்: அரசு அறிவிக்கும் வருமான வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குபவருக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. உங்களுக்குப் பொருந்தாமலும் போகலாம். அப்போது ஒப்பந்தத்தில் இருப்பதுதான் பிடி, அதில் ஒரு மணி என்றுதானே இருக்கிறது? சண்டை வேண்டாம். பன்னிரண்டரை முதல் ஒன்றரை வரை நாட்காட்டியில் அடைத்து வைத்துவிட்டு வெளியே போங்கள். யாரும் கேட்காமலே கொடுத்துக்கொண்டிருந்த மணி நேரம் அது.

மருத்துவ விடுப்பு விஷயத்தில் சம்பள வரம்பு கிடையாது. 36 மாதச் சுற்றுக்கு, ஆறு வாரத்தில் நீங்கள் வேலை செய்யும் நாட்களின் அளவுக்கு முழுச் சம்பள விடுப்பு உண்டு. வாரம் ஐந்து நாள் வேலை என்றால் 30 நாள். மனச்சோர்வும் நோய்தான். மருத்துவர் மட்டுமல்ல, பதிவு பெற்ற உளவியலாளரும் சான்றிதழ் தரலாம். மருத்துவக் காப்புத் திட்டம் இருந்தால், மருத்துவர் பெரும் மனச்சோர்வு என்று உறுதிசெய்யும் நிலையில், ஆண்டுக்கு 15 ஆலோசனை அமர்வுகள் வரை குறைந்தபட்ச உரிமையாகக் கேட்கலாம். கேட்டால்தான் கொடுப்பார்கள்.

ஊருக்குத் திரும்புவதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஜூலையில் முடிவு செய்யாதீர்கள். உங்கள் விசா எந்த வகை, வேலையை விட்டால் அது என்னவாகும் என்று முதலில் எழுத்தில் தெரிந்துகொள்ளுங்கள். அக்டோபரில் ஜக்கரண்டா பூத்துத் தெருவெல்லாம் ஊதா நிறமாகும்போதும் இதே எண்ணம் இருந்தால், அப்போது போகலாம். மூன்று மாதத்தில் ஒன்றும் கெட்டுவிடாது.

அந்த ஒரு வரி

இனி அப்பா. காரியத்தை வீடியோவில் பார்த்தவர்களுக்குத் துக்கம் முடியாமலே நிற்பதை இங்கே வெளிநாட்டுக் குடும்பங்களில் நிறையப் பார்க்கிறேன். தோள் கொடுக்கவில்லை, கட்டிக்கொண்டு அழ ஆளில்லை, மறுநாள் காலை எட்டு மணிக்கு மீட்டிங். இப்போது முதல் திதி நெருங்குகிறது. ஊரில் இது சாரல் காலம். அங்கே எல்லாம் நனைந்து பச்சையாக இருக்கும்போது நீங்கள் இங்கே காய்ந்த புல்லைப் பார்த்துக்கொண்டு தெற்கு அறையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இதைக் குளிரின் மேல் போடுவது எளிது.

வெயிலும் கற்றாழையும் இந்தத் துக்கத்தைப் போக்காது. உடம்பைக் கொஞ்சம் நிமிர்த்திவிடும், தூக்கத்தைச் சீராக்கும், அழுவதற்கு ஓர் இடம் தரும். மீதிக்கு ஆள் வேண்டும். திதி நாளில் விடுப்பு எடுங்கள். கணவரோடும் மகனோடும் நம்மவர்கள் நிறைய வாழும் லெனேசியா பக்கம் கோயிலுக்குப் போய்விட்டு வாருங்கள். அடுத்து ஆடி பிறந்துவிடும், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் மாதம். நான்கைந்து தலைமுறைக்கு முன் வந்த குடும்பத்துப் பெண்கள் கோயில் முற்றத்து வெயிலில் அண்டாவைச் சுற்றி நிற்பார்கள். தமிழ் பேச வராதவர்கள்கூட உங்கள் கையில் ஒரு கோப்பைக் கூழைத் திணித்துவிட்டுத்தான் மறுபேச்சு பேசுவார்கள்.

இரண்டு வாரம் வெளியே உட்கார்ந்தும், மாத்திரைக்கும் தைராய்டுக்கும் விடை கிடைத்தபின்னும் அந்த நான்கு மணி விழிப்பு தொடர்ந்தால், உளவியலாளரிடம் நேரில் போய்விடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம்; தென்னாப்பிரிக்க மனச்சோர்வு மற்றும் பதற்றக் குழுவின் 0800 567 567 என்ற இலவச எண்ணை அன்றே அழையுங்கள்.

வேலை மேசையை இந்த வாரமே வடக்கு அறைக்கு மாற்றிவிடுங்கள், மகன் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வான். அடுத்த கடிதம் எழுதும்போது அப்பாவைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதுங்கள்.